வேடப்பன் கல்லும் ராமாத்தாள் கூரையும்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஒரு கல் நடந்து வந்தால் என்ன என்றுதான் கடவுப்புதூரில் நாங்கள் முதலில் நினைத்தோம். மாடு மேய்க்க மலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து, கணவாயின் வாயில் தலைமுறை தலைமுறையாக நின்ற வேடப்பன் கல் நின்ற இடத்தில் இல்லை, அங்கே வெளிறிப்போன புல்லும் நாலைந்து தேளும்தான் இருக்கின்றன, கல் கொஞ்சம் கீழே உண்ணிப்புதரைத் தாண்டி நிற்கிறது என்று சொன்னபோது, எவனாவது பெயர்த்துப் போட்டிருப்பான் என்றோம். மறுநாள் போனவர்கள் இன்னும் கீழே ஓடைக்கரையில் நிற்கிறது என்றார்கள். அதற்கடுத்த நாள் போனவர்கள் ஒன்றும் சொல்லாமல் வந்து மாட்டைக் கட்டுத்தரையில் கட்டிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு, "எறங்குது" என்றார்கள், அவ்வளவுதான்.

ஆள் உயரக் கல் அது. அதில் ஒரு வேடன் புலியின் வாய்க்குள் ஈட்டியைச் செருகிக்கொண்டு நிற்கிறான், புலி அவன் தொடையில் நகத்தைப் பதித்திருக்கிறது, அவனுடைய நாய் புலியின் வாலைக் கவ்வியிருக்கிறது, பின்னால் இரண்டு பக்கமும் பொதி தொங்க ஒரு எருது இதில் எதையும் பார்க்காமல் நிற்கிறது. லாரிப் பாதை அடுத்த மலையில் போடப்படுவதற்கு முன்னால், தேனும் மெழுகும் மான்தோலும் கொண்டு வேட்டைக்காரர்கள் இறங்கிய தடமும், உப்பும் துணியும் இரும்பும் ஏற்றிக்கொண்டு பொதிமாட்டுக்காரர்கள் ஏறிய தடமும் எங்கள் ஊர் வழியாகப் போன ஒரே தடம்தான். அந்தத் தடத்தில் எருதை அடிக்க வந்த புலியைக் குத்திவிட்டுத் தானும் செத்த ஒரு வேடனுக்கு, அவன் பெயர்கூடத் தெரியாத உப்பு வியாபாரிகள் நட்டுவிட்டுப் போன கல் என்று சொல்வார்கள். ஏறுகிறவர்கள் அதன் காலடியில் ஒரு பிடி உப்பை வைத்துவிட்டு ஏறுவார்களாம், இறங்குகிறவர்கள் அதிலிருந்து ஒரு பரலை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டு இறங்குவார்களாம். தடம் புதர்மூடிப் போன பிறகு ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை, கல் மட்டும் இருந்தது.

அது நகர்வதை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். நிழல் நகர்வதைப் பார்ப்பதுபோல் எல்லோரும்தான் பார்த்தோம். வைத்த கண் வாங்காமல் பார்த்தாலும் நகர்ந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, வெற்றிலையை மடித்து வாயில் போட்டு நிமிர்ந்தால் வேலிக்கு இந்தப் பக்கம் இருக்கும், அதன் பின்னால் புல் ஒருக்களித்துப் படுத்திருக்கும். காற்று அடித்தால் ஒரு நாளைக்கு ஒரு வயல் தூரம் வரும். சில சமயம் எந்தக் காரணமும் இல்லாமல் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் குந்திக்கொள்ளும்.

வந்தது கல் மட்டுமாக இருந்திருந்தால் தேங்காய் உடைத்துவிட்டு எங்கள் பிழைப்பைப் பார்த்திருப்போம். கல்லோடு கூட ஒரு சட்டமும் வந்தது. பழங்கல் பாதுகாப்பு இலாகா என்ற ஒன்று எப்போதோ கணவாயில் நட்டுவிட்டுப் போன பலகையில், இந்தக் கல்லைச் சுற்றி இலாகாவின் அளவுக்கயிறு எட்டுகிற தூரம்வரை எதுவும் கட்டக் கூடாது, எதுவும் தோண்டக் கூடாது என்று எழுதியிருந்தது. மலைமேல் யார் கட்டப்போகிறார்கள், யார் தோண்டப்போகிறார்கள், நாங்கள் அதைப் படித்ததுகூட இல்லை. கல் ஊருக்குள் வந்ததும் இலாகாவிலிருந்து ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள், கல்லைச் சுற்றி வந்தார்கள், மோர் வாங்கிக் குடித்தார்கள், கல்லைச் சுற்றி என்றுதான் உத்தரவில் இருக்கிறது, கல் எங்கே இருக்க வேண்டும் என்று இல்லை, ஆகவே உத்தரவில் பிழையில்லை என்று சொல்லிவிட்டு, மரியதாசன் என்ற காவலரை ஒரு கயிற்றோடு எங்கள் ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள்.

மரியதாசன் கடற்கரைப் பக்கத்து மனிதர், உப்பளத்து ஊர். ஒல்லியாக, எப்போதும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். கல் எங்கே நகர்கிறதோ அங்கே நகர்ந்து, ஒவ்வொரு நாளும் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு திசையிலும் கயிற்றை இழுத்துச் சுண்ணாம்பால் அடையாளம் போடுவார். ஊருக்கு மாற்றல் கேட்டு அவர் அலைந்தது எங்களுக்குத் தெரியும்; கல் ஒரு இடத்தில் நிற்காததால் எந்த இடத்திலிருந்து மாற்றுவது என்று இலாகாவுக்கே குழப்பமாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த எரிச்சலில்தான் அவர் கயிற்றை அவ்வளவு இறுக்கி இழுக்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

மனிதர் எதற்குத்தான் பழகிக்கொள்வதில்லை. அந்தக் கயிற்று வட்டம் கல்யாண வீட்டுமேல் விழுந்த வாரத்தில் பந்தல்காலுக்குக் குழி தோண்ட முடியாது என்று தகர டிரம்களில் மணலை ரொப்பி அதில் காலை நட்டோம், முகூர்த்தத்தில் ஒரு டிரம் சாய்ந்து மாப்பிள்ளையின் தாய்மாமன்மேல் விழுந்தது. வட்டம் இடுகாட்டின்மேல் விழுந்தபோது நாச்சப்பன் செத்துப்போனார், தோண்டக் கூடாது என்று மரியதாசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், பாடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போய் அவர்கள் காலில் விழுந்து ஒரு மூலையில் இடம் வாங்கினோம். அந்தக் குடும்பம் இன்றுவரை கல்லிருக்கும் திசையில் துப்பிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கும். ஏர் உழுவது தோண்டலா இல்லையா என்று ஒரு நாள் முழுக்கப் பஞ்சாயத்து பேசி, அது தோண்டல் இல்லை, மண்ணைச் சொறிந்துகொடுப்பதுதான் என்று முடிவு செய்தோம். யாரோ இரும்புச் சங்கிலி போட்டுக் கல்லைப் புளியமரத்தோடு பிணைத்துப் பார்த்தார்கள், சங்கிலிக்கும் கல்லுக்கும் ஒன்றும் ஆகவில்லை, புளியமரம்தான் கிழக்கே சாய்ந்தது. பிறகு விலாசம் சொல்கிறவர்கள்கூடக் கல்லுக்கு மேக்காலே, கல்லுக்குத் தெக்காலே என்று சொல்லப் பழகிவிட்டார்கள், வந்தவர்கள் அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போய் நின்றார்கள்.

கெட்ட புத்தியும் பழகிக்கொண்டது. வேடப்பனுக்கு உப்பு பிடிக்கும், உப்பைத் தூவினால் அந்தப் பக்கம் வருவான் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, பங்காளி வீடு கட்டுவது பிடிக்காதவர்களும் அடுத்தவன் கிணறு வெட்டுவது பொறுக்காதவர்களும் கல்லிலிருந்து அந்தந்த இடத்துக்கு உப்பைத் தூவ ஆரம்பித்தார்கள். ஊரில் எங்கே பார்த்தாலும் வெள்ளைக் கோடு. ஆடுகள் அதை நக்கிக்கொண்டு திரிந்தன. எங்கள் ஊரில் இத்தனை பேருக்கு இத்தனை பேர்மேல் மனத்தாங்கல் உண்டு என்பது அந்த வருஷம்தான் தெரிந்தது.

இதில் எல்லோரையும்விட அதிகமாகப் பட்டவள் ராமாத்தாள்.

ராமாத்தாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் போன பிறகு கொழுந்தன் குழந்தைவேலு வீட்டில் இருந்தாள். இருந்தாள் என்றால், விடியுமுன் அவன் மாடுகளைப் பீச்சி, பாலை ஊற்றிவிட்டு வந்து, அத்தனை பேருக்கும் ஆக்கிப்போட்டு, மஞ்சள் மூட்டை அடுக்கிய அறையில் மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்துக்கொண்டு இருந்தாள்; வியாபாரி வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். குழந்தைவேலு கெட்டவன் என்று சொல்ல முடியாது, அவளை ஒரு சொல் சொன்னதில்லை, "நங்கை, நங்கை" என்றுதான் கூப்பிடுவான், எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவது. ஆனால் அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அடுப்பும் எரியாது, மாடும் கறக்காது. அது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி சௌந்தரத்துக்கும் தெரியும்.

புருஷன் பங்காகப் பஞ்சாயத்தில் கிடைத்த துண்டு நிலம் பழைய தடத்தின் ஓரத்தில் இருந்தது. அதில் அவள் இரண்டே அறையாக ஒரு வீடு கட்டத் தொடங்கி, ஒரு வருஷம் கடைக்கால், ஒரு வருஷம் ஜன்னல் மட்டம், ஒரு வருஷம் சுவர் முழுக்க என்று மேலே வந்திருந்தாள். மேலே போடுகிற தார்சு, கான்கிரீட் கூரை, மட்டும்தான் பாக்கி. புரட்டாசியில் மேஸ்திரி ரங்கராசு ஆள்களைக் கூட்டிவந்து சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் என்று இருந்த சாயங்காலம், கல் தெரு முக்கைத் திரும்பி வந்தது. பின்னாலேயே கயிற்றோடு மரியதாசன் வந்தார்.

"யக்கா, வேலையை நிறுத்தணும்" என்றார்.

"எதுக்குங்க?"

"கயிறு உங்க செவுத்தைத் தொடுது."

"தொட்டாத் தொட்டுட்டுப் போவுட்டும். மேல தார்சு போடறமுங்க, கீழயா தோண்டறோம்?"

"கட்டவும் கூடாது, தோண்டவும் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"கல்லு எந்திரிச்சு வருமுன்னு எழுதியிருக்குதுங்களா?"

"அது எழுதல."

"அப்பறம்?"

"எழுதாததுக்கு நான் என்ன செய்ய முடியும்? எழுதினதைத்தான் செய்யுதேன்."

ராமாத்தாள் ரங்கராசு பக்கம் திரும்பி, "ரண்டு நாள் பாக்கலாம், போயிரும்" என்றாள். கல் அவள் வீட்டுக்கு நேர் எதிரே வந்து, தடத்தின் நடுவில், வேடன் முகம் அவள் வாசலைப் பார்க்க நின்றது. இரண்டு நாளில் போகவில்லை. ஐப்பசி வந்தது, போகவில்லை. கட்டின கம்பி துருவேறியது, மழையில் பலகை உப்பியது, ரங்கராசு பலகையைப் பிரித்து வேறு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனான்.

ஒவ்வொரு நாளும் மாடு பீச்சப் போகுமுன் அவள் வந்து கல்லைப் பார்ப்பாள். புல் மடிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். முதலில் கற்பூரம் வைத்தாள், பிறகு கெஞ்சினாள், கார்த்திகையில் திட்ட ஆரம்பித்தாள். பால்காரர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "நீ செத்து எத்தன காலமாச்சு? உனக்கு வெயிலடிக்குதா மழை நனைக்குதா? ஊரூரா நடந்து போறவனுக்கு நடுத்தடத்துல என்ன குந்தல்? நட்டு வெச்சவன் ஒருத்தனும் இல்ல, உன்னையக் கேக்க நாதியில்ல, எனக்கும் இல்ல, அதுக்காக ரண்டு நாதியத்ததும் மூஞ்சிக்கு மூஞ்சி பாத்துட்டே இருக்கோணுமா?" என்பாள். அவள் மண்ணைக் காலால் ஒரு எத்து எத்திவிட்டு மாடு பீச்சப் போவாள்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு நாள், குழம்புக்கு உப்பு எடுக்க ஜாடிக்குள் கையை விட்டவளுக்கு அடி தட்டியது. மூட்டை பிரித்து ஜாடியை ரொப்பியவள் அவள்தான், அந்த வீட்டில் உப்பு எத்தனை நாளைக்கு வரும் என்று அவள் கைக்குத் தெரியும். ஜாடியை மூடினாள். நேராகத் தன் மனைக்குப் போய், கல்லுக்கும் தன் சுவருக்கும் நடுவே மண்ணைப் பார்த்தாள். மழையில் கரைந்ததுபோக மிச்சம், செங்கல் சந்திலும் வாசப்படி இடுக்கிலும், பழுப்பேறின பெரிய பரல் உப்பு. கடையில் விற்கிற பொடி உப்பு இல்லை. ஊறுகாய்க்கென்று குழந்தைவேலு வீட்டில் மூட்டையாக வாங்கிப்போடும் உப்பு.

அன்று மத்தியானம் அவள் எப்போதும்போல் இலை போட்டாள். குழந்தைவேலு சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான், நிறுத்தினான், ரசத்தைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான், பொரியலைப் பார்த்தான்.

"என்ன நங்கை, எதுலயுமே உப்பில்ல?"

"ஜாடி காலி."

"புதுசா மூட்டை பிரிச்சமே?"

"அதத்தான் நானும் கேக்கலாமுன்னு இருந்தேன்."

சௌந்தரம் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள். குழந்தைவேலு இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எல்லாரும் தூவறாங்க. நா தூவுனதாலதான் அது நிக்குதுன்னு என்ன இருக்குது?" என்றான் மெதுவாக.

"நிக்கோணுமுன்னுதான தூவுன?"

"நீ போயிட்டா இந்த ஊடு என்னாவறது? அத நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சுத்தான் பதினெட்டு வருசம் இருந்தேன்" என்றாள் ராமாத்தாள். "நா போனா ஊடு என்னாவுமுன்னு நீ நெனச்ச. நா இங்கயே இருந்தா நா என்னாவேன்னு நெனைக்கல. சாப்பிடு. உப்பில்லாட்டியும் பசிக்குச் சோறுதான்."

அவன் சாப்பிட்டான். அதுதான் எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. சௌந்தரம் பின்னால் பல பேரிடம் சொன்னாள், இலையில் ஒரு பருக்கை வைக்காமல் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டு முடித்தான் என்று. இலையை எடுத்துப் போட்டுவிட்டு ராமாத்தாள் பாயையும் ஒரு தகரப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கூரையில்லாத தன் வீட்டுக்குப் போனாள்.

சுவர்மேல் தென்னங்கீற்றைப் போடப்போனபோது மரியதாசன் வந்தார். கீற்று போடுவதும் கட்டுவதுதான் என்றார். ராமாத்தாள் கீற்றைக் கீழே போட்டாள்.

"இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குதுங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல."

"கொடை புடிக்கக் கூடாதுன்னு?"

"அதுவும் இல்ல."

அப்படியாக அவள் மார்கழி மழையில் நாலு சுவருக்குள் குடை பிடித்துக்கொண்டு சோறாக்கினாள். ஊரே போய் எட்டிப் பார்த்தது. பெண்கள் அழுதார்கள், ஆண்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை, செய்ய ஒன்றுமில்லை. குழந்தைவேலு தெருக்கோடிவரை வருவதும் திரும்புவதுமாக இருந்தான். மரியதாசன் ஒரு நாள் அவளிடம், "யக்கா, இந்த உப்புக் கதையெல்லாம் பொய். எங்க ஊர்ல உப்புமேலதான் நடப்போம், ஒரு கல்லும் எங்க பின்னால வந்ததில்ல. இது பழைய தடம், அது தடத்துல வருது, உங்க மனை தடத்துல இருக்கு, அவ்வளவுதான்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அவளுக்கு அதைக் கேட்ட பிறகுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது. கொழுந்தன் வஞ்சகம் என்றால் அவனைக் கோபித்துக்கொள்ளலாம், தடத்தை யாரால் கோபித்துக்கொள்ள முடியும்?

மார்கழி முடியுமுன் குளிர்காய்ச்சல் வந்து பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். நாலு பெண்கள் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் குழந்தைவேலு வீட்டில் விட்டார்கள். மஞ்சள் அறையில், மூட்டைகளுக்கு நடுவில் கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சௌந்தரம் கஞ்சி வைத்துக்கொடுத்தாள், குழந்தைவேலு டாக்டரைக் கூட்டிவந்தான், குறை சொல்ல முடியாது. தை பிறந்ததும் அவள் எழுந்து மாடு பீச்சினாள்.

தை மாதம் அறுவடைக் காற்று எடுத்ததும் கல் கிளம்பியது. யாரிடமும் சொல்லாமல் வந்ததுபோலவே யாரிடமும் சொல்லாமல், தடத்தைப் பிடித்துக் கீழ்நாட்டுக்கு, சந்தைக்கோட்டை இருக்கும் திசையில் போனது. எங்கள் ஊரில் அன்றைக்குப் பாயசம் வைக்காத வீடில்லை. ராமாத்தாள் நேரே ரங்கராசு வீட்டுக்குப் போனாள். அவன் கோயில் வேலைக்கு வெளியூர் போயிருந்தான். மாசியில் வந்தான், மணல் லாரி ஓடவில்லை. பங்குனியில் மணல் வந்தது, பழைய கம்பி முழுக்கத் துரு, புதிதாக வாங்க வேண்டும், அதற்கு அவள் காதில் இருந்த ஒரே கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். சித்திரையில் எல்லாம் சேர்ந்தபோது ஆள்கள் கரும்பு வெட்டப் போய்விட்டார்கள். அவள் யாரையும் திட்டவில்லை. திட்டுகிற தெம்பு தீர்ந்துபோய், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சந்தைக்கோட்டைச் சித்திரைத் தேருக்குப் போய்விட்டு வந்த பெண்கள்தான் அந்தச் சேதியைக் கொண்டுவந்தார்கள். கல் சந்தைத் திடலில் பூசணிக்காய்க் கடைகளுக்கு நடுவில் ஒரு வாரம் நின்றதாம், பிறகு திரும்பிவிட்டதாம். இப்போது மேற்கே பார்த்து வருகிறதாம்.

எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தைக்குப் போனவன் வீடு திரும்பாமல் இருப்பானா? பொதிமாட்டுத் தடம் என்றால் போவதும் வருவதும்தானே. கல்லுக்குப் போகிற வழி மட்டும்தான் உண்டு என்று யார் சொன்னது?

வைகாசிக் காற்று அதை வேகமாகக் கொண்டுவந்தது. ரங்கராசு ஒருவழியாகப் பலகை அடித்து, கம்பி கட்டி முடித்த நாளன்று கல் வாய்க்கால் பாலத்தில் இருந்தது. மறுநாள் விடிந்ததும் மிக்சர் மெஷினை ஓட்டினார்கள். இதைச் சொல்லியே ஆகவேண்டும், அன்று ஊரில் கை காலுள்ள எல்லோரும் வந்தோம். கூலிக்கு வந்த ஆள்கள் போதாது என்று நாங்களே வரிசையில் நின்றோம், நாச்சப்பன் குடும்பம் வந்தது, டிரம் விழுந்து தோள் இறங்கிய தாய்மாமன் ஒரு கையால் தண்ணீர் ஊற்றினார். கல்லுக்கு எதிராக ஏதாவது ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று எல்லோருக்குமே உள்ளுக்குள் ஒரு வெறி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைவேலு வந்து, யாரையும் பார்க்காமல், வரிசைக் கடைசியில் ஒரு சட்டியை வாங்கிக்கொண்டு நின்றான். ராமாத்தாள் அவனைப் பார்த்தாள். அவன் சட்டி நிரம்பியதும் அதையும் வாங்கி அடுத்த கைக்கு மாற்றினாள்.

"எந்தப் பக்கமிருந்து ஆரம்பிக்கறதுங்க, முன்ரூம்பா உள்ரூம்பா?" என்று ரங்கராசு சாரத்தில் நின்று கேட்டான்.

"எதுனாலும் முழுசா முடியுமா?"

அவன் தடத்தைப் பார்த்தான். மில் முக்கில் வேடன் தலை தெரிந்தது. "சொல்ல முடியாதுங்க."

"அப்ப உள்ரூம்பு" என்றாள்.

சட்டிகள் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தன. கல் மில்லைத் தாண்டியது. பக்கத்திலேயே மரியதாசன், தோளில் கயிறு. அவர் வெறுமனே தெற்குப் பக்கம் திரும்பிக் கயிற்றை விரித்திருந்தால் அது அப்போதே அவள் சுவரைத் தொட்டிருக்கும், வேலை அங்கேயே நின்றிருக்கும். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்த்தார், சாரத்தைப் பார்த்தார், கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார், பிறகு கிழக்கே திரும்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தார். நாலு திசையும் அளக்க வேண்டும் என்பது விதி, கிழக்கில் ஆரம்பிக்க வேண்டும் என்பதும் விதி. கிழக்கே அளந்து சுண்ணாம்பு போட்டு, சரியில்லை என்று அழித்துவிட்டு இன்னொரு முறை அளந்தார். வடக்கே கற்றாழை வேலி. சுற்றிக்கொண்டு போகலாம், அவர் முள்ளுக்குள்ளேயே நுழைந்து, சட்டை கிழிய, கயிறு நேராக இருக்க வேண்டும் என்று மறுபக்கம் வெளியே வந்தார். மேற்கே ஓடை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி, இடுப்புத் தண்ணீரில் நின்று, கயிற்றின் சிக்கலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு மெதுவாக ஒரு மனிதன் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்து நாங்கள் பார்த்ததில்லை.

உள்ளறை நிரம்பியது. நடு உத்திரம் நிரம்பியது. ரங்கராசு மட்டப்பலகையை இழுத்துவிட்டு முன்னறைப் பக்கம் திரும்பினான். முதல் சட்டி முன்னறைமேல் விழுமுன் கயிற்று நுனி சுவரைத் தொட்டது.

"நிறுத்துங்க" என்றார் மரியதாசன். கையெல்லாம் ரத்தக்கீறல், வேட்டி ஈரம் சொட்டியது.

மெஷினை நிறுத்தினார்கள். அவர் ராமாத்தாளைப் பார்க்காமல், "எனக்கு இதுக்குமேல தெரியல யக்கா" என்றார். அவள் அவருக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றி நீட்டினாள். அவர் முதல்முறையாக வாங்கிக் குடித்தார். மீதிக் கலவை மெஷினுக்குள்ளேயே இறுகாமல் இருக்க அதைத் தடத்துப் பள்ளத்தில் கொட்டினார்கள். அதைப் பார்த்தபோதுதான் அவள் முகம் ஒரு நிமிஷம் கோணியது.

கல் அவள் வீட்டுக்கு எதிரே, போன தடவை நின்ற இடத்துக்கு நாலடி மேற்கே நின்றுவிட்டது. இந்தத் தடவை வேடன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவள் உள்ளறைக்குத் தினமும் தண்ணீர் கட்டி, பலகை பிரித்து, இடித்த வீட்டிலிருந்து ஒரு பழைய கதவை வாங்கி வந்து வாசல் நிலையில் மாட்டினாள், மாட்டுவது கட்டுவதில் சேராது. வீடு தெரியாதவர்கள் கதவைத் திறந்து உள்ளே போனால் தலைக்குமேல் வானம் இருக்கும், அதைத் தாண்டி இன்னொரு வாசல், அதற்குள்தான் வீடு. ஆனி கடைசியில் பாயோடும் பெட்டியோடும் குடிபோனாள். பால் காய்ச்சியபோது நாங்கள் போனோம், முன்னறையில் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டோம், நன்றாக இருக்கிறது என்று யாருக்கும் சொல்ல வாய் வரவில்லை.

ஆடியில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு காலையில் குழந்தைவேலு போய்க் கதவைத் தட்டினான். ராமாத்தாள் சாக்கைக் கொங்காடையாகத் தலையில் போட்டுக்கொண்டு முன்னறை மழையில் நடந்துவந்து கதவைத் திறந்தாள். வாசலுக்கு வெளியேயும் மழை, உள்ளேயும் மழை, நடுவில் கதவு.

"பாதி ஊட்டுல ஆராச்சும் குடியிருப்பாங்களா நங்கை?" என்றான். "சந்தையில எல்லாம் கேட்டுச் சிரிக்கறாங்க. சௌந்தரத்துக்கு இடுப்புப் புடிச்சிருச்சு, மாடு ரண்டு நாளா ஒதைக்குது. தார்சு முழுசாப் போடற வரைக்குமாச்சும் வந்து இரு. நா உன்னைய இனிமே ஒண்ணும்..."

"செவல மாடு சினையா இருக்குது, அதான் ஒதைக்குது. மடியச் சுடுதண்ணியில தொடச்சுட்டு உக்காரு, நிக்கும்" என்றாள்.

"அப்ப வரமாட்டயா?"

"கல்லு எப்பப் போவும்?"

"அது ஆருக்குத் தெரியும்?"

"அதான்" என்றாள். "நனையாத, போ."

கதவு சாத்திக்கொண்டது. அவன் தடத்தில் நின்றான், நாங்களும் பால் கேனோடு நின்றோம். உள்ளே கூரையில்லாத பாதியில் அண்டாவின்மேலும் அம்மியின்மேலும் மழை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அதற்குள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.